பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார்

வடசென்னைக்குப் புதுசாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார். ஓபி சீட்டு வேண்டாம், விடியற்காலையில் போய் ஸ்டான்லி வரிசையில் நிற்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு இருமிக்கொண்டே கேட்டாலும் எரிந்து விழமாட்டார். சாட்ஜிபிடி, ஜெமினி என்று அவருக்குப் பல பெயர். ஃபீஸும் கிடையாது. ஒரு கம்பெனி ரீசார்ஜோடு ஒன்றரை வருஷம் இலவசம் என்றது, இன்னொரு கம்பெனி ஒரு வருஷம் சும்மாவே வைத்துக்கொள் என்றது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வாங்கிய வீட்டுக்கு இப்போது வைத்தியமும் இனாம்.

எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் ஒரு தாய் போனை வாய்க்கு நேரே வைத்துக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பையனுக்கு ராவெல்லாம் இருமல், மூச்சு வாங்குது, தொண்டை கமறுது. இன்னா பண்றது?" பதில் கடகடவென்று இறங்குகிறது. தூசி, புகையைத் தவிர்க்கவும். ஜன்னல்களை மூடி வைக்கவும். காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி வாங்கலாம். செல்லப் பிராணிகளைப் படுக்கையறைக்குள் விட வேண்டாம். வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா?

பிடிக்கிறார்கள் சாமி. வீட்டுக்குள் இல்லை, கொஞ்சம் தள்ளி அத்திப்பட்டிலும் வல்லூரிலும். அவர்கள் பிடிக்கிற பீடி ஒவ்வொன்றும் இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். அந்தப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிடித்து நிறுத்தும் கருவியை மாட்டச் சொல்லி 2015 டிசம்பரிலேயே மத்திய அரசு விதி போட்டது. கெடு இரண்டு வருஷம். அப்புறம் வாய்தா, வாய்தாவுக்கு மேல் வாய்தா. 2025 ஜூலையில் நாட்டிலுள்ள பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்தக் கருவியே தேவையில்லை என்று கைகழுவிவிட்டார்கள். பெருநகரங்களை ஒட்டியவற்றுக்கு 2027 கடைசி வரை அவகாசம். புகைபோக்கிக்குப் பன்னிரண்டு வருஷம் பொறுமை காட்டலாம். பையன் மட்டும் இன்று ராத்திரியே புகையைத் தவிர்த்துவிட வேண்டும்.

டாக்டர் இன்னொன்றும் கேட்கிறார்: "சமீபத்தில் ஏதாவது ரசாயனத்தைச் சுவாசித்தீர்களா?" சமீபத்திலா? பிறந்ததிலிருந்து. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. படித்த டாக்டர் எவரும் கேட்க வேண்டியது. என்ன வாயு, எவ்வளவு நேரம், எந்தப் பக்கத்துக் காற்று என்று தெரியாமல் நுரையீரலுக்கு வைத்தியம் பார்ப்பது குருட்டாம்போக்கு. அதற்குப் பதில்தான் நம்மிடம் கிடையாது. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தொண்டை எரிந்து, மயங்கி விழுந்தார்கள். பள்ளியை மூடி, சோதனை போட்டு, நவம்பர் 4 அன்று திறந்தார்கள். அன்றைக்கே மறுபடியும் மயக்கம். இரண்டு முறை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெற்றோர் போனில் என்னவென்று அடிப்பார்கள்? பிள்ளைகள் எதைச் சுவாசித்தார்கள் என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்?

சொல்லப்பட்ட கதையும் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரியகுப்பத்துக் கடலில் கோரமண்டல் இன்டர்நேஷனல் கம்பெனியின் அமோனியாக் குழாய் கசிந்தது. சின்னகுப்பம், பெரியகுப்பம் சனங்கள் கண்ணெரிச்சலோடு எழுந்து, பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஊரை எழுப்பியது சங்கொலி அல்ல, மூச்சுத் திணறல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிற்பாடு கணக்குச் சொன்னது: கம்பெனி வாசலில் ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா, இருக்கலாம் என்பது 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், இருக்கலாம் என்பது 5. சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் விதிக்கச் சொல்லிப் பரிந்துரையும் செய்தது. கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓடி முடித்த பிறகு வந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அறுபது வயதுக்காரர் ஒருவர் சாப்பாட்டு உப்பை விட்டுவிட நினைத்தார். சாட்ஜிபிடியிடம் யோசனை கேட்டுவிட்டு, உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடு வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டார். புத்தி கலங்கி மருத்துவமனைக்கு வந்து அவர் சொன்ன முதல் புகார்: "பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு விஷம் வைக்கிறார்." புரோமைடு தலைக்கேறிய பிரமை என்று டாக்டர்கள் கண்டுபிடித்து மூன்று வாரம் வைத்துத் தேற்றி அனுப்பினார்கள்.

அதே புகாரை எண்ணூரில் சொல்லிப் பாருங்கள். பிரமை இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, கேட் இருக்கிறது, கேட்டில் செக்யூரிட்டி இருக்கிறார், வருஷா வருஷம் பங்குதாரர்களுக்கு லாபக் கணக்கும் இருக்கிறது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கழிமுகம் வரை வந்தபோது அதை மக்கிலும் பக்கெட்டிலும் மொண்டவர்கள் மீனவர்கள். கையுறை மாட்டிக்கொள்ளவும் என்று போன் சொல்லியிருக்கும். நல்ல யோசனைதான்.

போனைத் தூக்கிக் கடலில் போடு என்று நான் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கிற இங்கிலீஷை வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாதபோது அது படித்துச் சொல்கிறது. மெடிக்கல் கடையில் பெயர் தெரியாமல் ஒரு வேளைக்கு நாலு மாத்திரை கிழித்துத் தருகிற 'செட்டு' மாத்திரையைவிட அது எத்தனையோ தேவலாம். ஆனால் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவருக்கு நெஞ்சு வலித்து இடது தோளுக்கு இறங்கும்போது, வாயு, தசைப்பிடிப்பு, நெஞ்செரிச்சல் என்று வரிசையாக அது அடுக்கினால், மனுஷன் தனக்குச் செலவில்லாத வியாதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஓம வாட்டரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். நெஞ்சுவலிக்குப் போனில் அடிக்க வேண்டியது 108 மட்டும். கண்டெய்னர் லாரிகள் வழிவிட்டால் வண்டி வரும்.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் இரண்டு ரூபாயில் தொடங்கி ஐந்து ரூபாய் வரை மட்டுமே வாங்கி வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் காலமானபோது தெருவே அழுதது. அவர் தொட்டுப் பார்த்தார். அப்படி ஒருவர் தெருவில் இருக்கிற வரைக்கும் யார் கண்ணாடியோடு பேசப் போகிறார்கள்? பொறுமையாகக் கேட்கிற ஒரே ஆள் இயந்திரம்தான் என்று ஆனதற்கு இயந்திரம் பொறுப்பில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு நோயாளி என்று தள்ளிவிடும் அளவுக்கு ஓபியை நெருக்கியவர்களும், இந்த ஏற்பாடு சௌகரியமாக இருக்கிறதே என்று சிரிப்பவர்களும்தான் பொறுப்பு. தண்ணீர் குடி, ஜன்னலைச் சாத்து, முகக்கவசம் போடு. ஊர் வியாதி உன் வீட்டு வியாதியாகிவிட்டது. இனி எந்த கேட்டுக்கு முன்னாலும் போய் யாரும் உட்கார மாட்டார்கள்.

போபாலுக்குப் பிறகு, 1989இல், அபாயகர ரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு என்ன ஆபத்து, நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று அவற்றில் 15ஆம் விதி சொல்கிறது. ஆகவே தாழங்குப்பத்து அம்மாக்களே, திருவொற்றியூர் அப்பாக்களே, இருமலுக்கு என்ன காரணம் என்ற கேள்வியைப் போனில் கேட்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, உங்கள் தெருவுக்கு எதிரே இருக்கிற கேட்டிலும் கலெக்டர் ஆபீஸிலும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து கேளுங்கள்.