ஆள் வேறு, டெபாசிட் வேறு

மெக்சிகோ தூதரகங்கள் வெளிநாட்டில் வாழும் தம் மக்களுக்கு 1871 முதல் ஓர் அடையாள அட்டை கொடுத்து வருகின்றன. 'மத்ரிகுலா கொன்சுலார்' என்று பெயர். ஆளின் படம், பிறந்த ஊர், அமெரிக்காவில் குடியிருக்கும் முகவரி எல்லாம் அதில் உண்டு. விசா இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் அட்டை வாய் திறக்காது.

சர்வதேசச் சட்டமும் லேசுப்பட்டதல்ல. 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 5-ஆம் பிரிவில் தூதரக வேலைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசியில் 'உள்ளூர் அரசு தடுக்காத மற்ற வேலைகளும்' என்று சேர்த்துக்கொண்டது. அட்டைக்கு அது போதாதா?

தடுப்பதா வேண்டாமா என்பதில்தான் வேடிக்கை. 2003 ஜூனில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு முன் வந்து, இந்த அட்டையை நம்புவதற்கில்லை என்று சாட்சி சொன்னார். அதே ஆண்டு நிதித்துறையோ, வங்கிகள் விரும்பினால் இதை வாங்கிக்கொண்டு கணக்குத் தொடங்கலாம் என்று விதி வகுத்தது.

ஆக, ஆளை நம்பக் கூடாது. அவர் போடும் டெபாசிட்டைத் தாராளமாக நம்பலாம். பணத்திடம் எந்த ஊரில் விசா கேட்டிருக்கிறார்கள்?