சத்தம் பிழையாக் கிடக்கு

உப்புவெளியில் எந்த வாகனத்தின் பொனற் திறந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். நிலாவெளி வீதியோரத்துக் கராஜ் வாசலில், செத்துப்போன டொல்பின் வான் ஒன்றிலிருந்து கழற்றிய சீற் கிடக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் அதுதான் அவருடைய இருப்பிடம். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, பிளேன்ரீக் கோப்பையோடு எழும்பி வருவார். "ஸ்டார்ட் பண்ணும் பாப்பம்" என்பார். கண்ணை மூடுவார். தலையை ஒரு பக்கம் சரித்து, "கொஞ்சம் மிதியும்... ம்... இப்ப விடும்" என்பார். பிறகு தீர்ப்பு வரும்: "சத்தம் பிழையாக் கிடக்கு."

சத்தம் சரியென்று அவர் சொல்லக்கூடிய என்ஜினை ஜப்பான்காரன் இன்னும் செய்யவில்லை.

இவர் ஒருவரல்ல. அலஸ்தோட்டத்தில் ஒருவர், சாம்பல்தீவில் ஒருவர், சீனன்குடாப் பக்கம் இரண்டு பேர் என்று திருகோணமலை முழுக்கப் பரந்திருக்கும் கூட்டம் இது. தகுதிகள் பெரும்பாலும் ஒன்றே. சவூதியிலோ கட்டாரிலோ சில வருஷம் இருந்திருக்கவேண்டும். அங்கே என்ன வேலை என்று கேட்டால் "வேர்க்‌ஷொப்" என்று பதில் வரும். வேர்க்‌ஷொப்பில் ஸ்பனர் பிடித்தாரா, கணக்கெழுதினாரா, லொறி கழுவினாரா என்று கேட்கப்போனால் பேச்சு அரபிக்குத் தாவிவிடும். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மககஸ்தோட்டை மலையோட்டத்தைப் பற்றியும் ஒரு கதை கைவசம் இருக்கும்: அங்கே ஓடிய காரொன்றுக்குத் தானே முதல் நாள் இரவு 'சத்தம் பார்த்துக் கொடுத்ததாக'. கார் வென்றதா என்பதைக் கதை சொல்லாது. சொந்த வாகனம் ஹொண்டா எம்டி 90. அதை அவர் உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணும்போது வருகிற சத்தத்தைப் பற்றி அவரும் வாய் திறப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

ஓட்டோவுக்கு அவர் எழும்பமாட்டார். ஓட்டோவில் பிழை ஒளிந்திருக்கக்கூடிய இடங்கள் குறைவு. பின்னேரத்துக்குள் உண்மை வெளியே வந்துவிடும். அவருக்கு வேண்டியது டேர்போ பூட்டிய பெற்றோல் கார், அதுவும் கம்பனி பூட்டியது போதாதென்று மேலும் கைவைத்த கார். அதில் குற்றம் சாட்டுவதற்கு எத்தனையோ சாமான் இருக்கிறது. ஒன்றாவது எழும்பிப் பதில் சொல்லாது.

அப்படிப்பட்ட கார்களுக்கும் பஞ்சமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட காலத்தில், தொண்ணூறுகளில் பிறந்த ஸ்டார்லெட்டுக்கு ஊரில் கிடைத்த மரியாதை தொண்ணூறுகளில் பிறந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. புதுக் கார் வாங்க வழியில்லாத பொடியன்கள் இருந்த காரைப் புதுசாக்கத் தொடங்கினார்கள். ஸ்கார்பரோவிலிருந்து அண்ணன்மார் அனுப்பிய காசில் பாதி வீட்டுக் கூரைக்கும், பாதி கொழும்பில் பழைய உதிரிச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்கும் போனது. நான் சொல்லவந்த பொடியன் அங்கேயிருந்து ஸ்டார்லெட் ஜிரி என்ஜின் ஒன்றை இறக்கினான். 1,331 சிசி, டேர்போவோடு 135 குதிரைவலு. அது டொயோட்டா எழுதிவைத்த கணக்கு; என்ஜினில் அளந்தது. கியரும் அச்சும் தங்கள் பங்கை எடுத்தபிறகு சில்லுக்கு வந்துசேர்வது அதைவிடக் குறைவு. பொடியன் இருநூறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கைபேசிச் செயலி ஒன்று அப்படிக் காட்டியதாம்.

பெரிய டேர்போ, முன்பம்பருக்குப் பின்னால் பெரிய இன்டர்கூலர், நிலாவெளி வரைக்கும் கேட்கிற சைலன்சர், காலை எடுத்தால் 'ச்சூ' என்று சீறுகிற வால்வு, எல்லாம் பூட்டியாயிற்று. போர்க் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, வீதியில் மாடில்லாத ஒரு நேரம் பார்த்து மிதித்தான். மாமியின் 660 சிசி வாகன்ஆர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. மாமி அவசரத்தில்கூட இல்லை.

"இழுவை காணாது அண்ணன்."

நம்மவரின் கெட்டித்தனம் தெரிவது இங்கேதான். அவர் முதலில் கேட்பது என்ஜினைப் பற்றியல்ல. "எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்பார். தொகையைக் கேட்ட பிறகுதான் காரணத்தைத் தெரிவு செய்வார். ஒரு லட்சம் முடித்தவனுக்கு பிளக். மூன்று லட்சத்துக்கு இன்ஜெக்டர், பெற்றோல் பம்ப். ஐந்தைத் தாண்டியவனிடம் பிளக் என்று சொன்னால் முகம் வாடிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவனுடைய காரில் கம்பியூட்டரைக் கழற்றி ஆருக்கோ அனுப்பி முழுக்க மாற்றி எழுதவேண்டியிருக்கும். பெருஞ்செலவு செய்தவனுக்குச் சின்னக் காரணம் சொல்வது அவமரியாதை. இந்த நாகரிகம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் எவருக்கும் கிடையாது.

ஒரேயொரு தடவை அவர் சொன்னது அச்சொட்டாகச் சரியாக இருந்தது. ஆடி மாதம், கச்சான் தரைப்பக்கமிருந்து அனலை வாரிக்கொண்டு வீசிய நாட்கள். மத்தியானத்தில் சோம்புகிற கார் இரவில் நன்றாக ஓடுகிறது என்றான் வேறொரு பொடியன். இவர் கண்ணை மூடாமலே, "கச்சான் தம்பி, கச்சான்" என்றார். உண்மைதான். காற்றின் சூடு பத்துப் பாகை ஏறினால் அதன் அடர்த்தி மூன்று வீதம்போலக் குறையும். அதை டேர்போ அமுக்கும்போது இன்னும் சூடேறும். இன்டர்கூலரும் வெந்துபோயிருந்தால், என்ஜின் நொக் அடிக்காமலிருக்கக் கம்பியூட்டர் பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளும். அதோடு வலுவும் போகும். காசு கேட்காத காரணம். பொடியன் அதனாலேயே நம்பவில்லை. அடுத்த கிழமை புது இன்ஜெக்டர் வாங்கிவந்தான்.

அவருடைய பொற்காலம் 2022இன் பெற்றோல் தட்டுப்பாடு. கியூஆர் குறி வந்து கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுக்கும்வரைக்கும், குடாவுக்கு அந்தப் பக்கம் பிரித்தானியர் கட்டிவைத்த 99 எண்ணெய்க் குதங்கள் நிற்க, இந்தப் பக்கம் சனம் கார்களைத் தள்ளிக்கொண்டு போனது. நகராத வரிசை, திறந்த பொனற்றுகள், போக்கிடமில்லாத சாரதிகள். ஒரு துளி பெற்றோலும் இல்லாத காரின் முன்னால் நின்று, அதன் அமைதியைக் காதுகொடுத்துக் கேட்டு, அதிலும் பிழை கண்டார் என்று சொல்கிறார்கள். நான் வேறு வரிசையில் நின்றேன்.

பூஸ்ட் மீற்றர் விஷயத்தில் அவருக்கும் பொடியனுக்கும் ஒரே கருத்து: ஊசி ஏறினால் வலு ஏறும். இதை நான் விட்டுவிட்டுப் போகமுடியாது. அந்த ஊசி காட்டுவது என்ஜினுக்குள் போன காற்றையல்ல, போக இடம் போதாமல் வெளியே நெரிபடுகிற காற்றின் அழுத்தத்தை. சிவராத்திரிக்குக் கோணேசர் கோயில் வாசலில் நெரிசல் கூடினால், உள்ளே நிறையப் பேர் போகிறார்கள் என்றும் இருக்கலாம், கதவு பாதி சாத்திக் கிடக்கிறது என்றும் இருக்கலாம். ரைமிங் பெல்ட்டை ஒரு பல் தவறிப் பூட்டியிருந்தால் வால்வுகள் நேரத்துக்குத் திறக்கா. ஊசி நன்றாகவே நிற்கும், வலு இராது. பூஸ்ட்டைக் கூட்டிவிட்டு பிளக் இடைவெளியைப் பழையபடி விட்டால், அமுங்கிய காற்றைத் தாண்டிப் பொறி பாயாது. கிளச் வழுக்கினாலோ ஊசியும் ஏறும், என்ஜின் சுற்றும் ஏறும், கார் மட்டும் யோசித்துக்கொண்டிருக்கும்.

டேர்போவுக்கு 1905இல் காப்புரிமை எடுத்தவர் அல்பிரட் பியூக்கி என்ற சுவிஸ்காரர். 1918இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மொஸ் என்பவர் லிபர்ட்டி விமான என்ஜின் ஒன்றை 14,000 அடி உயரமான பைக்ஸ் பீக் மலைக்கு லொறியில் ஏற்றிக்கொண்டுபோய், மெல்லிய காற்றில் டேர்போ இழந்த வலுவை மீட்டுத்தருகிறதா என்று பார்த்தார். கூடவே வலுவை அளக்கும் டைனமோமீற்றரையும் ஏற்றிப் போனார். இதை நம்மவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அங்க சத்தம் கேக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இருந்திருக்கமாட்டான்" என்றார்.

கராஜ் பாஸ் அதிகம் பேசாதவர். மலிவான காரணத்திலிருந்து மேலே போகிறவர், ஆகவே ஊரில் பெரிய பெயரில்லை. ஒருத்தனை உள்ளே இருத்தி அக்சிலரேற்றரை முழுக்க மிதிக்கச் சொல்லி, துரொட்டில் தட்டு முழுக்கத் திறக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். தடித்த காபற்றில் பெடல் முட்டி, முக்கால் திறப்போடு மாதக்கணக்கில் ஓடுகிற கார்களும் உண்டு. அடுத்து, டேர்போ காற்றெடுக்கிற வாயை ரயர் வால்வு பூட்டிய மூடியொன்றால் அடைத்து, கொம்பிரசரிலிருந்து பத்து பிஎஸ்ஐ அளவில் காற்றேற்றி, மூட்டுக்கு மூட்டு சன்லைட் சவர்க்காரத் தண்ணி ஊற்றுவார். ஜிரி என்ஜினின் கம்பனி இன்டர்கூலர் என்ஜினுக்கு மேலேயே இருந்தது, குழாய் குட்டை. அதை முன்பம்பருக்குக் கொண்டுபோனால் குழாய் நீளும், மூட்டுகள் பெருகும், ஒழுகக்கூடிய இடங்களும் பெருகும். பொடியனுடைய காரில், பம்பருக்குப் பின்னால் கை நுழையாத ஒரு மூட்டில் நுரை பொங்கியது. கிளிப் தளர்ந்திருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான்.

பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஆறுதல் சொல்வது அவருடைய தொழிலல்ல. பொடியன் அந்தக் கிளிப்பைப் பார்த்த பார்வையை என்னால் எழுதமுடியாது. இத்தனை லட்சம் முடித்து, அண்ணனிடம் இன்னும் கேட்டு, கடைசியில் இதுவா?

நம்மவர் சீற்றை விட்டு எழும்பினார். கிளிப்பை இரண்டு விரலால் தூக்கி வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது சும்மா கழண்ட கிளிப் இல்ல. உம்மட டேர்போ அடிச்ச அடி தாங்காமக் கழண்டிருக்கு. கம்பனி டேர்போ எண்டா இது இருவது வருஷத்துக்கு அசையாது."

பொடியன் நிமிர்ந்தான். கிளிப்பை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். வீட்டில் காட்டியிருப்பான் என்று நினைக்கிறேன்.

புதுக் கிளிப் பூட்டிய பின்னேரம் கார் சாம்பல்தீவுப் பக்கம் உண்மையாகவே பாய்ந்தது. கண்ணாடியில் வாகன்ஆர் இல்லை. ஆனால் ஒழுக்கு நின்றதும், பெரிய டேர்போவின் அழுத்தம் முழுதாக உள்ளே வந்து, கம்பனிக் கம்பியூட்டர் பொறுக்கிற எல்லையைத் தாண்டியது. தாண்டினால் என்ஜினைக் காக்கவென்று அது பெற்றோலை ஒரே வெட்டாக வெட்டிவிடும். கார் குப்புறத் தள்ளுவதுபோல் ஓர் உலுக்கு உலுக்கியது. மறுபடி மிதித்தான், மறுபடி உலுக்கியது. வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தான்.

"வெட்டுது அண்ணன்."

நம்மவர் பிளேன்ரீயைக் கீழே வைத்தார்.

"இப்ப கையில எவ்வளவு வெச்சிருக்கிறீர்?"