22-ஆ, 45-ஆ?

(அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு வீட்டு கராஜ். சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே திரும்ப நிரப்பிக்கொள்வது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. மேஜைக்கு இந்தப் பக்கம் பெரியவர். அந்தப் பக்கம், நாலு பார்சலோடு பக்கத்து வீட்டு இளைஞன்.)

இளைஞன்: கூட்டோட கழுத்து விளிம்பைச் சீவுற கருவி வாங்கிட்டேன், பெரியவரே. 45 டிகிரி ஒண்ணு, 28 ஒண்ணு, 22 ஒண்ணு.

பெரியவர்: கூட்டுக்கு வாய் ஒண்ணுதானே?

இளைஞன்: அப்படிச் சொல்லாதீங்க. 45-ல சீவினா உள்விளிம்பு வாசற்படி மாதிரி நிக்கும். 22-ல சீவினா சறுக்குமரம். நீளக் குண்டு இறங்கும்போது அதோட செப்பு உறை கீறாது.

பெரியவர்: அது நிஜம்தான். நீ எத்தனை கஜத்துல சுடுறே?

இளைஞன்: நூறு.

பெரியவர்: கடைசியா எப்போ?

இளைஞன்: இந்த வருஷம் பூரா டிகிரி ஆராய்ச்சியிலேயே போயிடுச்சு.

பெரியவர்: நாலாவது பார்சல்?

இளைஞன்: மோட்டார் வெச்சது. கை வலிக்காம நூத்துக்கணக்குல சீவலாம்.

பெரியவர்: உங்கிட்ட எத்தனை கூடு இருக்கு?

இளைஞன்: இருபது.

பெரியவர்: .308 வின்செஸ்டர் தோட்டாதானே? கூட்டோட உச்ச நீளம் 2.015 அங்குலம். சுடச் சுட பித்தளை நீளும், 2.005-க்கு வெட்டணும். வெட்டினா வாயில பிசிறு நிக்கும். அந்தப் பிசிறுக்குத்தான் முக்கியமா இந்தக் கருவி. வெட்டிட்டியா?

இளைஞன்: வெட்டுற கருவி வாங்கறதுக்குள்ள பணம் தீர்ந்துடுச்சு.

(பெரியவர் தன் பழைய வில்சன் கருவியை எடுக்கிறார். விரல் நீள இரும்பு. ஒரு முனை உள்விளிம்புக்கு, மறுமுனை வெளிவிளிம்புக்கு.)

பெரியவர்: .17 அங்குலக் குண்டுலேர்ந்து .45 வரைக்கும் இது ஒண்ணே போதும். அப்பா வாங்கினது. ரெண்டு சுத்து, அவ்வளவுதான். நீ என்ன, பென்சிலா சீவுறே? கத்தி மாதிரி விளிம்பு மெலிஞ்சா வாய் சீக்கிரம் விரிசல் விட்டுடும். .45 ஏ.சி.பி. கைத்துப்பாக்கித் தோட்டான்னா இன்னும் ஜாக்கிரதை. அது துப்பாக்கி அறைக்குள்ள அந்த வாய் விளிம்புலதான் முட்டி நிக்குது.

இளைஞன்: பிசிறு போச்சான்னு எப்படித் தெரியும்?

பெரியவர்: காது குடையுற பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுத்து. நார் சிக்கினா பிசிறு இருக்கு.

(இளைஞன் பெரியவர் சீவி வைத்த கூட்டை எடுத்துச் சுற்றுகிறான். வெள்ளையாய் ஒரு நார் ஒட்டிக்கொண்டு வருகிறது.)

இளைஞன்: இந்தக் கருவிக்கு எப்போ சாணை பிடிச்சீங்க?

பெரியவர்: அப்பா இருந்தப்போ.

(சற்று நேரம் யாரும் பேசவில்லை.)

பெரியவர்: அந்த 22-ஐ இப்படிக் கொடு. பார்த்துட்டுத் தரேன்.

(மான் வேட்டைக்காலம் வரும் சனிக்கிழமை ஆரம்பம். இருபது கூடும் மேஜைமேல் காலியாகத்தான் கிடக்கின்றன.)