வீடு தேடி வராத அழைப்பு

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு அழைக்க ஒரு இலக்கணம் உண்டு. வீடு தேடி வர வேண்டும். தாம்பாளத்தில் பத்திரிகையோடு வெற்றிலை பாக்கு இருக்க வேண்டும். "குடும்பத்தோட வந்துரணும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஒரு தலைமுறைப் பகைக்குத் தாங்கும். தபாலில் வந்த பத்திரிகையை எங்கள் ஆச்சி பிரித்ததே இல்லை. "ஏன், வீடு தெரியாதாக்கும் அவனுக்கு?" என்று அலமாரிமேல் போட்டுவிடுவாள்.

இப்படி வளர்ந்த ஆட்களைக் கங்கைகொண்டானுக்குக் கொண்டுவந்து, சிப்காட்டையும் புள்ளிமான் சரணாலயத்தையும் அக்கம்பக்கமாக வைத்து, கணினி முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும்? காலையில் திரையைத் திறந்தால் ஏழெட்டு அழைப்புகள் கிடக்கின்றன. அழைத்தவரில் பாதிப் பேரின் முகம்கூடத் தெரியாது. எதற்கு அழைத்தார் என்றும் எழுதவில்லை. "சிங்க்-அப்" என்று ஒரே வார்த்தை. வெற்றிலை பாக்கு வேண்டாம், விஷயத்தையாவது சொல்லலாமில்லையா?

வெவ்வேறு நிறுவனங்களின் நாட்காட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஐகேலண்டர் என்று ஒரு பொது விதி உண்டு. 1998இல் லோட்டஸ்காரர் ஒருவரும் மைக்ரோசாஃப்ட்காரர் ஒருவரும் சேர்ந்து எழுதியது, 2009இல் திருத்தப்பட்டது. அழைக்கப்பட்டவர் வருகிறேன் எனலாம், வரவில்லை எனலாம், ஒருவேளை எனலாம். எனக்குப் பதில் இன்னொருவரை அனுப்புகிறேன் என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது. மொய்க் கவரைத் தம்பி கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் அந்த இரண்டு பேருக்கும் எப்படித் தெரிந்ததோ! ஆனால் எங்கள் ஆட்கள் இந்தப் பொத்தான்கள் எதையும் தொடுவதில்லை. தொடாவிட்டால் அவுட்லுக் தானாகவே 'ஒருவேளை' என்று குறித்து வைத்துக்கொள்கிறது. "பாப்பம்" என்பதற்கு மேல் நெல்லையில் யாரும் எந்த அழைப்புக்கும் பதில் சொன்னதில்லை என்பதால், எனக்குத் தெரிந்தவரை அந்த மென்பொருள் எங்களைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே இடம் இதுதான்.

புரிந்துகொள்ளாத இடம், குழு. ஒரு குழுவின் பெயரைப் போட்டு அழைப்பு அனுப்பினால், அந்த நொடியில் குழுவில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும்தான் போகும். மறுநாள் சேர்ந்தவருக்குப் போகாது. டீம்ஸில் சேனலுக்குள் கூட்டம் வைத்துவிட்டு, எல்லாருடைய நாட்காட்டிக்கும் போயிருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பது இன்னொரு வகை. ஆக, புதிதாக வந்த மருமகளுக்கு அழைப்பு கிடையாது, கோபித்துக்கொண்டு வெளியேறிய மாமாவுக்கு வாராவாரம் உண்டு. போன வருஷம் சேர்ந்த பெண் ஒருத்தி கண் கலங்கி வந்து நின்றாள். "அண்ணே, எல்லாரும் பொதிகைக்குள்ள போறீய, எனக்கு மட்டும் ஒண்ணும் வரலையே. என்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டாவளா?" (பொதிகை என்பது எங்கள் கூட்ட அறை. குளிரூட்டியின் தயவில் பெயர் பொருந்தும்.) அவளைச் சேர்க்கப் போனால் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: புதியவருக்கு மட்டும் அனுப்பவா, எல்லாருக்கும் அனுப்பவா? 'எல்லாருக்கும்' என்று அழுத்துபவர் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். முப்பது பேரின் கைப்பேசியும் ஒரே நேரத்தில் கிணுகிணுக்கும். கூட்டம் தள்ளிப்போய்விட்டதாக்கும் என்று பத்துப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

நேரக் கணக்கு தனி வேதனை. நியூயார்க்கில் காலை 10 மணிக்கு வைத்த வாராந்தரக் கூட்டம் கோடையில் நமக்கு இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிறோடு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள், நமக்கு 8.30 ஆகிவிடும். வண்ணார்பேட்டைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ் 8 மணிக்குப் புறப்படுவதை நியூயார்க்கில் யாரும் யோசிப்பதில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் திரும்ப மாறும்போது லண்டன்காரர்கள் மாறுவதில்லை. அவர்களுக்கு அந்த மாதக் கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட நாட்களில் லண்டன்காரர் ஒருமணி நேரம் முந்தி வர வேண்டும், வரமாட்டார். இந்தியாவிலும் யுத்தகாலத்தில், 1942 முதல் 1945 வரை, கடிகாரத்தை ஒருமணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ஆச்சியிடம் கேட்டேன். "வெள்ளக்காரன் கடியாரத்தத் தள்ளினா மாடு கறக்குமால?" என்றாள்.

எங்கள் பிரிவில் வியாழக்கிழமை தோறும் மாலை 4 மணிக்கு ஒரு கூட்டம் உண்டு. அதைக் கூட்டிய அண்ணாச்சி வேலையை விட்டுவிட்டுப் பெங்களூரு போய்விட்டார். பிரிவு உபசாரம் நடந்தது, கணக்கை முடித்தார்கள், மின்னஞ்சல் பெட்டியையும் அழித்தார்கள். கூட்டம் மட்டும் போகவில்லை. அழைத்தவர்தான் ரத்து செய்ய முடியும் என்பது விதி. அழைத்தவரோ ஊரிலேயே இல்லை. வியாழன் 3.45க்கு அத்தனை திரையிலும் மணி அடிக்கும். பழக்க தோஷத்தில் நாங்களும் பொதிகைக்குள் போய் உட்கார்வோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பேச ஒன்றும் கிடையாது. கோவில்பட்டிக்காரத் தம்பி கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரிப்பான்.

இரண்டு மூன்று வாரம் போனதும்தான் இதன் அருமை புரிந்தது. அந்த அரைமணி நேரம் எங்கள் எல்லாருடைய நாட்காட்டியிலும் 'அலுவலாக உள்ளார்' என்று காட்டும். வேறு யாரும் அந்த நேரத்தில் எங்களைக் கூப்பிட நினைத்தால், மென்பொருளே "ஆள் ஓய்வாக இல்லை" என்று சொல்லிவிடும். பொதிகை அறையும் எங்கள் பெயரில் பதிவாகியே இருக்கும்.

கணினி நிர்வாகத் தம்பி ஒருநாள் கண்டுபிடித்துவிட்டான். "பெட்டிய அழிக்கதுக்கு முந்தியே ஒரு கட்டளை ஓட்டி எல்லாத்தையும் ரத்து பண்ணிருக்கணும்ணே. இனி அவங்கவங்க காலண்டர்ல அவங்கவங்களே அழிச்சிக்கிட வேண்டியதுதான். ரூம் புக்கிங்க மட்டும் நான் எடுத்துருதேன்" என்றான். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். எந்தக் கூட்டத்திலும் நாங்கள் அப்படி ஒருமனதாக முடிவெடுத்ததில்லை. அவன் கொஞ்சம் யோசித்தான். கடலைமிட்டாயைப் பார்த்தான்.

"அப்ப எனக்கும் ஒண்ணு ஃபார்வர்ட் பண்ணி விடுங்க."

அனுப்பினோம். நெல்லைக்காரனாக இருந்தும் உடனே 'வருகிறேன்' என்று அழுத்தினான். அந்தப் பதில் பெங்களூரு போனவரின் இல்லாத பெட்டியைத் தேடிப் போய், முகவரி தவறு என்று அவனிடமே திரும்பி வந்தது.