சுங்கம் கட்டினால்தான் சரித்திரம்

உலக சரித்திரத்தை ஆள ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் அறிவிப்பு: ஐந்து நாள் முன்கூட்டியே ஆளத் தொடங்க முப்பது டாலர் தனி.

'சிவிலைசேஷன்' கணினி ஆட்ட வரிசையின் ஏழாம் பாகம் 2025 பிப்ரவரி 11 அன்று வெளியானது என்றுதான் பதிவேடு சொல்லும். அது 70 டாலர் கொடுத்த சாமானியர்களுக்கான தேதி. 100 டாலர் பதிப்பையும் 130 டாலர் பதிப்பையும் வாங்கிய பிரபுக்களுக்குக் கோட்டைக் கதவு 6-ஆம் தேதியே திறந்துவிட்டது. 130 டாலர் என்பது அன்றைய மாற்று மதிப்பில் பதினோராயிரம் ரூபாய்க்கும் மேல். படை நடத்துகிற ஆட்டம்தான். ஆனாலும் பழமொழியில் 'பந்திக்கு முந்து' என்கிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கடை விரித்திருக்கிறார்கள்.

முந்தியவர்களுக்குப் பந்தியில் பரிமாறப்பட்டது வேலை. எந்த எழுத்து கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, எந்தக் கட்டடம் என்ன தரும் என்ற விவரம் எங்கே ஒளிந்திருக்கிறது, கண்டம் ஏன் அடிஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் சதுரமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஸ்டீம் என்கிற இணைய ஆட்டக் கடையில் எழுதினார்கள். முதல் நாளே மதிப்பீடு எதிர்மறையில் போய் விழுந்தது. மற்ற தொழில்களில் சரக்கைச் சோதிக்கிறவனுக்குச் சம்பளம் உண்டு. இங்கே சோதிக்கிறவன் காசு கட்டி உள்ளே போகிறான். பிழையை அவனே எழுதிக் கொடுத்து, அவனே காத்திருந்து, திருத்தப் பேட்ச் வந்ததும் 'எங்கள் குரலைக் கேட்ட நிறுவனம்' என்று அவனே நன்றியும் சொல்கிறான்.

வெளியானபோது இல்லாதவற்றின் பட்டியல் நீளம். வேவுக்காரனைத் தானாகச் சுற்றவிடும் வசதி முந்தைய பாகங்களில் இருந்தது. இதில் ஒவ்வொரு டர்னிலும், அதாவது ஆட்டமுறையிலும், அவன் கையைப் பிடித்து நடத்த வேண்டியிருந்தது. பெரிய வரைபடம் இருக்கவில்லை. ஊருக்குப் பெயர் மாற்ற முடியவில்லை. ராஜேந்திர சோழன் கங்கைவரை படை அனுப்பிவிட்டுத் தன் தலைநகருக்கு கங்கைகொண்ட சோழபுரம் என்று பெயர் வைத்தான். 130 டாலர் கொடுத்த சக்கரவர்த்திக்கு அந்த உரிமை வெளியீட்டு நாளில் கிடையாது. 'இன்னும் ஒரே ஒரு டர்ன்' என்பதுதான் இந்த வரிசையின் அடையாள வாசகம்; அதைச் சொல்லிச் சொல்லியே விடியவிடிய ஆடி ஒரு தலைமுறையே தூக்கம் கெட்டது. ஜெயித்த பிறகும் தொடர்ந்து ஆடவிடும் அதே பெயர்ப் பொத்தானையும் முதலில் வைக்கவில்லை. ஏப்ரலில் ஒரு பேட்ச்சோடு கொடுத்தார்கள். கோயிலைக் கட்டிக் குடமுழுக்கும் முடித்துவிட்டு, மூலவர் இரண்டு மாதத்தில் வருவார் என்று பலகை மாட்டுகிற தைரியம் எல்லோருக்கும் வராது.

தயாரிப்பாளர்களான ஃபிராக்சிஸ் வீட்டில் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. புதுப் பாகம் என்றால் மூன்றில் ஒரு பங்கு பழையது அப்படியே இருக்க வேண்டும், ஒரு பங்கு மெருகேற வேண்டும், ஒரு பங்கு முற்றிலும் புதிதாக இருக்க வேண்டும். 1991-ல் சிட் மெய்யர் தொடங்கிய வரிசை இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்தக் கணக்கு ஒரு காரணம். ஏழாம் பாகத்தில் கணக்கு லேசாக மாறியிருக்கிறது. மூன்று பங்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்து நான்காவது பங்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்குத் தனி விலை.

புதியது என்று மார்தட்டுகிற விஷயம், ஆட்டத்தைப் பண்டைக்காலம், கடலோடிக் காலம், நவீன காலம் என மூன்று யுகங்களாக வெட்டியது. பெரும்பாலானவர்கள் ஆட்டத்தை முடிப்பதே இல்லை, பாதியிலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடுகிறது, ஆகவே நடுநடுவே எல்லோரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்பது அவர்கள் சொன்ன நியாயம். நோய் உண்மை. வெளியானபோது கொடுத்த வைத்தியத்தைப் பாருங்கள்.

பண்டைக்காலத்தின் கடைசிக் கட்டம். பக்கத்து நாட்டின் தலைநகரை நான்கு பக்கமும் வளைத்தாகிவிட்டது. மதில் உடைந்துவிட்டது, இன்னும் இரண்டு டர்ன். வில்லாளிகள் குன்றின்மேல் நிற்கிறார்கள், பின்னால் புதுப் படை வந்துகொண்டிருக்கிறது. திரையின் மேல் ஓரத்தில் ஒரு சக்கரம் நூறு சதவீதம் தொடுகிறது. யுகம் முடிந்தது. போர் ரத்து. பெரும்பாலும் தளபதிகளின் கீழ் அடங்குகிற படைதான் மிஞ்சும், மீதிப் பேர் எங்கே என்று கேட்கக் கூடாது. நேற்றுவரை நகரமாக இருந்தவை தலைநகர் தவிர மீண்டும் சிற்றூர் ஆகிவிடும். வரைபடத்தில் இருந்த குட்டிச் சுதந்திர ஊர்கள், பல டர்ன் செல்வாக்கைச் செலவழித்து நட்பாக்கியவை, மாயமாகிவிடும். உடைந்த மதிலுக்குள் உட்கார்ந்திருந்த எதிரி மன்னர் புது உடுப்புப் போட்டுக்கொண்டு வணக்கம் சொல்வார். நீங்களும் சொல்ல வேண்டும். பாதியில் விட்டுப் போகிறவனைத் தடுப்பதற்காக, பாதியை அவர்களே அழித்துவிடுகிறார்கள்.

அதோடு யுகத்துக்கு யுகம் நாகரிகமும் மாறும். அரசர் மட்டும் அப்படியே இருப்பார். 2021-ல் வந்த 'ஹியூமன்கைண்ட்' என்ற ஆட்டம் ஏற்கெனவே செய்து திட்டு வாங்கிய காரியம் இது. இந்தியாவுக்கு என்று போட்டுவைத்திருக்கும் பாதை மௌரியர், சோழர், முகலாயர். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழரையும் பாண்டியரையும் தன் எல்லைக்கு அப்பால் இருக்கும் அண்டை நாட்டார் என்று குறிக்கிறது. கல்லில் வெட்டியும் பயனில்லை. இங்கே அவருடைய குடிகளே ஒரு நொடியில் சோழர் ஆகிவிடுகிறார்கள். பிறகு 1279-ல் முடிந்துபோன சோழ அரசு 1526-ல் பானிபட்டில் எழுந்து நின்று முகலாயர் ஆகிறது. இடையில் மதுரையும் இல்லை, விஜயநகரமும் இல்லை. சோழருக்கு ராஜராஜன் உண்டா என்றால் அதுவும் இல்லை. வெளியீட்டுப் பட்டியலில் சோழ மன்னர் ஒருவர்கூடக் கிடையாது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாகத் தஞ்சையில் உட்கார்ந்து பெரிய கோயில் எழுப்புவார்.

வயிறு எரிவது ஏனென்றால், உழைப்பே இல்லாமல் செய்த ஆட்டம் இல்லை இது. சோழர் பக்கத்தில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று வணிகக் குழுக்களின் பெயரைத் தேடிப்பிடித்துக் கட்டடமாக வைத்திருக்கிறார்கள். நம்மூர்ப் பாடப்புத்தகம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்கள் நினைவிருக்காது. ஆறுகளில் கப்பல் போகிறது. ஒரு தளபதியின் கீழ் படையை மொத்தமாக நகர்த்தும் முறை நிஜமான முன்னேற்றம். ஓவியர்களும் வரலாறு படித்தவர்களும் கண் விழித்துச் செய்த வேலையை, கல்லாவில் இருப்பவர் துண்டு போட்டு விற்கிறார்.

எப்படி விற்கிறார்? முதல் பாகத்திலிருந்து ஆறாம் பாகம்வரை இங்கிலாந்து அடிப்படை ஆட்டத்திலேயே இருந்தது. ஏழில் வெட்டி எடுத்து, 30 டாலர் தொகுப்புக்குள் வைத்து, வெளியான அடுத்த மாதமே விற்பனைக்கு விட்டார்கள். கடல்வழிப் பேரரசுகள்தான் நடு யுகத்தின் கருப்பொருள். அந்த ஆட்டத்தில் பிரிட்டன் உபரி. அப்புறம் ஜான்சி ராணி லட்சுமிபாய் வந்தார், அவரும் இன்னொரு விலைத் தொகுப்புக்குள். ஆக, பிரிட்டிஷாரை எதிர்த்து ராணி வாள் எடுக்க வேண்டுமென்றால் எதிரிக்கு ஒரு பில், ராணிக்கு ஒரு பில். கிழக்கிந்தியக் கம்பெனிகூட ஒரு பக்கத்தில்தான் வசூலித்தது. நெப்போலியனுக்குக் காசு வேண்டாம். வெளியீட்டாளரான 2கே நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி இணைத்தால் போதும், மின்னஞ்சல் முகவரிக்கு ஈடாக ஒரு பேரரசர்.

இவற்றையெல்லாம் சிரித்து விட்டுவிடலாம். டெகும்சேயை விட முடியவில்லை. வட அமெரிக்கப் பூர்வகுடியான ஷானி மக்களின் தலைவர் அவர். 1809-ல் ஃபோர்ட் வெய்ன் ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் கைமாறியபோது, இது யாரும் விற்கக்கூடிய பொருளே இல்லை என்று எழுந்து நின்றவர். அந்தப் போராட்டத்திலேயே 1813-ல் களத்தில் இறந்தார். ஷானி மக்களைக் கலந்துதான் இந்தப் பகுதியை உருவாக்கினார்கள், அவர்கள் மொழியையும் பதிவு செய்தார்கள்; அது மரியாதையான காரியம். அப்படி மரியாதையாகச் செய்ததை என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பதிவுக்கு இலவச இணைப்பு ஆக்கினார்கள். முன்பதிவு செய்யாதவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். விற்கக் கூடாது என்று செத்தவருக்கு விலைச்சீட்டு.

வெளியானபோது வைத்த வெற்றி வழிகளைப் பார்த்தால் இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது என்று புரியும். கடலோடிக் காலத்தில் பொருளாதாரச் சாதனை என்பது தூர தேசத்தில் குடியேறி அங்குள்ள செல்வத்தைக் கப்பலில் ஏற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவது. கப்பல் கரை சேரச் சேர மதிப்பெண். நவீன காலத்தில் பண்பாட்டில் உயர, ஊர் ஊராகத் தோண்டி அடுத்தவன் தொல்பொருளை எடுத்து வந்து அருங்காட்சியகத்தில் அடுக்க வேண்டும். பதினைந்து சேர்ந்தால் உலகக் கண்காட்சி நடத்தலாம், நாகரிகத்தில் நீங்கள்தான் முதல். பொருளாதாரத்தில் ஜெயிக்க, ரயிலும் ஆலையும் கட்டி முடித்த பின் ஒரு மகா வங்கியாளர் கிளம்புவார். மற்ற நாடுகளின் ஒவ்வொரு தலைநகருக்கும் போய் உலக வங்கிக் கிளை திறப்பார். கடைசிக் கிளை திறந்ததும் ஆட்டம் முடிந்தது, உலகம் உங்களுடையது. எவ்வளவு யோக்கியமான ஒப்புதல் வாக்குமூலம்! ராணுவ வெற்றிக்கு 'ஆபரேஷன் ஐவி' என்கிற ஹைட்ரஜன் குண்டுத் திட்டத்தை முடிக்க வேண்டும். 1952-ல் பசிபிக்கில் எனவெடாக் பவளத்தீவில் நிஜமாக அதை வெடித்தபோது எலுகெலாப் என்ற தீவே இல்லாமல் போனது. இங்கே வெற்றிக் காட்சி ஓடும்.

அதற்குப் பிறகு? ஒன்றுமில்லை. மனிதன் விண்வெளிக்குப் போவதோடு சரித்திரம் நிற்கிறது. கணினி, இணையம், கடல் மட்டம் உயர்வது எதுவும் வராது. ஆறாம் பாகத்துக்கு 2019-ல் வந்த விரிவாக்கத்தில் கரி எரித்தால் கடற்கரை ஊர் மூழ்கியது. ஏழாம் பாகத்தில் சூறையாடிவிட்டு, குண்டு போட்டுவிட்டு, பில் வருவதற்கு முன்னால் எழுந்து போய்விடலாம். பில் ஆட்டக்காரனுக்கு மட்டும்.

இந்த ஆட்டத்தில் சோழர் இருக்கிறார்கள் என்று இங்கே சிலர் புல்லரித்துப் போனார்கள். அந்த வம்சத்தில் முதலாம் குலோத்துங்கனுக்கு ஒரு பட்டம் உண்டு: சுங்கம் தவிர்த்த சோழன். வாசலுக்கு வாசல் சுங்கச்சாவடி வைத்தவர்கள் கட்டட நுணுக்கம்வரை ஆராய்ந்துவிட்டு இந்த ஒரு பெயரை மட்டும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

வாங்கியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'எல்லா சிவ் ஆட்டமும் முதலில் இப்படித்தான், இரண்டு விரிவாக்கம் வந்தால் சரியாகிவிடும்' என்று ஒரு கூட்டம் எப்போதும் தயாராக நிற்கும். சரியாகும் என்றால், சரியான பிறகு காசு கொடுப்பதுதானே? முழு விலையும் முதல் நாளே வாங்கிக்கொண்டவனுக்கு மீதி வேலையை முடிக்க என்ன அவசரம்? விற்பனைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இந்த விசுவாசம் ஒரு வருமான வகை. விலையை உச்சத்தில் வைத்தவரையும், தேதிக்குள் வெளியிட்டே ஆக வேண்டும் என்றவரையும் குறைகளின் பழி தொடாது. ஆனால் 2025 செப்டம்பரில் ஃபிராக்சிஸில் ஆட்குறைப்பு நடந்ததை 2கே ஒப்புக்கொண்டது. யுகம் மாறும்போது படை மறைகிற விதி ஸ்டுடியோவுக்குள்ளும் அமலில் இருக்கிறது.

அடுத்த தொகுப்பும் எட்டாம் பாகமும் வரும். அப்போது முன்பதிவுப் பொத்தான் பக்கத்தில் இன்னொரு மாவீரரைக் கட்டிப்போட்டு வைத்திருப்பார்கள். அழுத்தாதீர்கள். ஆடியே தீர வேண்டுமென்றால் 2010-ல் வந்த ஐந்தாம் பாகமும் 2016-ல் வந்த ஆறாம் பாகமும் தள்ளுபடியில் கிடைக்கின்றன. ஏழாம் பாகம் வந்த சில வாரங்களிலேயே ஸ்டீமில் அந்த இரண்டையும் ஆடுகிறவர்களின் எண்ணிக்கை இதை முந்திவிட்டது. இரண்டிலும் இங்கிலாந்து உண்டு, ஊருக்குப் பெயர் வைக்கலாம், வேவுக்காரன் தானாகவே நடப்பான்.