மெட்ராஸ் வெயிலில் சிவப்பு அங்கி

இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜேம்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஊர்களுக்கு முந்தைய ராஜாக்கள் கொடுத்த உரிமைச் சாசனங்களைத் திரும்பப் பிடுங்குவது. ‘உங்கள் ஊரை நீங்களே ஆண்டுகொள்ளலாம்’ என்று முத்திரை குத்திய ஒரு தோல் சுருளை நம்பி, ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ராஜாவுக்கு அந்தத் தூக்கம்தான் பிடிக்காது. பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் அண்ணன் இரண்டாம் சார்லஸ். 1683-ல் லண்டனின் சாசனமே செல்லாது என்று கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிவிட்டார். குடும்பத் தொழில் என்பார்களே, அது!

1687 அக்டோபர் 31. அமெரிக்காவில் கனெக்டிகட் காலனியின் சாசனத்தை வாங்கிவர ஜேம்ஸ் அனுப்பிய கவர்னர் ஆண்ட்ரோஸ், ஹார்ட்ஃபோர்டில் வந்து உட்கார்ந்தார். மேஜை மேல் சாசனம். பேச்சுவார்த்தை இருட்டும் வரை நீண்டது. திடீரென்று மெழுகுவத்திகள் மொத்தமாக அணைந்தன. மறுபடி ஏற்றிப் பார்த்தால் மேஜை காலி. ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஓடி ஒரு ஓக் மரப் பொந்தில் ஒளித்துவிட்டாராம். கதையில் எவ்வளவு மசாலா சேர்ந்ததோ, மரம் மட்டும் நிஜம். 1856-ல் அது புயலில் சாய்ந்ததும் அதன் கட்டையில் நாற்காலி, தொட்டில் என்று செய்து தள்ளினார்கள். ஒரே மரத்திலிருந்து இத்தனை மரச்சாமானா என்று மார்க் ட்வைனே நக்கலடிக்கும் அளவுக்கு!

இப்போது காலண்டரைப் பாருங்கள். இரண்டே மாதம் கழித்து, டிசம்பர் 30. அதே ஜேம்ஸ் ஆட்சியில் ஓர் ஊருக்குப் புத்தம் புதிதாக ஒரு சாசனம். மேயர் உண்டு, ஆல்டர்மேன் என்ற பெயரில் பன்னிரண்டு நகரசபை உறுப்பினர்கள் உண்டு. அந்த அதிர்ஷ்டக்கார ஊர் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ்!

ராஜாவுக்கு மனசு இளகிவிட்டது என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். இதற்குப் பின்னால் இருந்த மூளை, கிழக்கிந்தியக் கம்பெனியை லண்டனில் ஆட்டிவைத்த சர் ஜோசையா சைல்டுடையது. கோட்டைச் சுவருக்குக் காசு வேண்டும். வரி கேட்டாலோ மெட்ராஸ்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். சைல்டு யோசித்தார். கம்பெனி அதட்டிக் கேட்டால் அரை ஷில்லிங்குக்கே அழுகிறவன், தன் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடித் தீர்மானம் போட்டால் ஐந்து ஷில்லிங்கைச் சந்தோஷமாக எடுத்து வைப்பான் என்று கணக்குப் போட்டார். பில்டருக்குப் பைசா தராத ஃப்ளாட்காரர்கள், அசோசியேஷன் செகரட்டரி கேட்டால் மெயின்டனன்ஸ் கட்டிவிடுவார்கள் என்கிற அதே நம்பிக்கை. சைல்டு ஃப்ளாட்டில் குடியிருந்ததில்லை, பாவம்.

சாசனத்தில் ராஜாவின் முத்திரையா, கம்பெனியின் முத்திரையா என்று அரண்மனையில் ஒரு விவாதம். சைல்டு பணிவாகச் சொன்னார்: ராஜா நேரடியாகப் பதவி கொடுத்தால் மேயருக்கும் ஆல்டர்மேன்களுக்கும் தலைக்கு மேல் கர்வம் ஏறிவிடும், பிறகு கம்பெனியே அவர்களை இறக்க வேண்டிவரும். ஆகவே கம்பெனி முத்திரையே விழுந்தது. ஜனங்களுக்குச் சுயாட்சி கொடுக்கலாம், அதை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது!

கர்வத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள், உள்ளே என்ன எழுதியிருந்தார்கள் என்கிறீர்கள்? மேயரும் ஆல்டர்மேன்களும் விசேஷ நாட்களில் ஒரே தினுசில் தைத்த சிவப்பு செர்ஜ் துணி அங்கி போட வேண்டும். செர்ஜ் என்பது குளிர் நாட்டுச் சமாசாரம். ஆனாலும் அந்த உஷ்ண தேசத்துக்கு ஏற்ற மாதிரி தைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி கருணையும் உண்டு. முன்னால் முலாம் பூசிய வெள்ளித் தண்டம் போகும். லண்டன் மேயர் மாதிரி அலங்கரித்த குதிரையில் ஊர்வலம் போகலாம். அத்தோடு, தலைக்கு மேல் குடை பிடித்துக்கொள்ளும் உரிமை! அந்நாளில் மெட்ராஸில் குடை என்றால் அந்தஸ்து. யார் யார் நிழலில் நடக்கலாம் என்பதைக்கூட லண்டனில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

அதே சாசனத்தில் இன்னும் மூன்று விஷயம் உண்டு. டவுன் ஹால், ஜெயில், ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக. இங்கிலீஷ் எழுதப் படிக்க, கூட்டிக் கழிக்க, வியாபாரக் கணக்கு எழுத. மெக்காலே பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே, குமாஸ்தா தயாரிப்புக்கு பிளான் ரெடி!

1688 செப்டம்பர் 29-ம் தேதி கார்ப்பரேஷன் அமர்க்களமாக ஆரம்பமானது. ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர் உண்டு, போர்ச்சுகீசியர் உண்டு, யூத வைர வியாபாரிகள் உண்டு. சின்ன வேங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை என்று நம்மூர் வணிகப் புள்ளிகள் மூவரும் உண்டு. அங்கி வந்தது, தண்டம் வந்தது, குடையும் விரிந்தது. வரிதான் வரவில்லை. அசோசியேஷனே கேட்டும் ஜனங்கள் அசையவில்லை. டவுன் ஹாலும் பள்ளிக்கூடமும் அப்போதைக்குத் தோல் சுருளிலேயே தங்கிவிட்டன. கடைசியில் தெருவைக் கூட்டக் காசில்லாமல், சில சரக்குகள் மீதாவது தீர்வை போட அனுமதியுங்கள் என்று மேயர் கெஞ்சும்படி ஆயிற்று.

அங்கே ராஜாவுக்கு அதைவிட மோசம். மெட்ராஸ் ஊர்வலம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, மருமகன் வில்லியம் படையோடு வந்து இறங்கியதில் ஜேம்ஸ் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியதாகிவிட்டது. ஓடும்போது ராஜ முத்திரையைத் தேம்ஸ் நதியில் வீசிவிட்டுப் போனார். முத்திரை இல்லாமல் புது ஆள் எப்படி ஆள்வான், பார்க்கலாம் என்கிற ரோஷம். வில்லியம் வேறு முத்திரை செய்துகொண்டார்.

மெட்ராஸில் அப்போது கவர்னர் எலிஹூ யேல். வருஷத்துக்குப் பத்து பவுண்டு சம்பளக் குமாஸ்தாவாக வந்தவர். அந்தச் சம்பளத்தில் பெரும் பணக்காரராவது எப்படி என்று கம்பெனிக்கும் ஆச்சரியம். கம்பெனி அதிகாரத்தை வைத்துச் சொந்த வியாபாரம் செய்தார் என்று 1692-ல் அவரைத் தூக்கினார்கள். பதிலுக்கு உட்கார்ந்தவர் நத்தேனியல் ஹிக்கின்சன். யார் இவர்? மெட்ராஸின் முதல் மேயர். பிறந்த ஊர்? ஓக் மரப் பொந்து புகழ் கனெக்டிகட்!

சிரிப்புக்கு நடுவில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யேல் உட்கார்ந்திருந்த கோட்டைக் கவுன்சில் அடிமைகளைக் கப்பலேற்ற உத்தரவு போட்ட காலமும் இதுதான். குடைக்குக்கூட உரிமை எழுதிய சாசனத்தில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

யேல் மூட்டை முடிச்சோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். இதற்கிடையில் கனெக்டிகட்காரர்கள் 1701-ல் ஒரு கல்லூரிக்குத் தாங்களே சாசனம் எழுதிக்கொண்டார்கள். நமக்கு அந்த அதிகாரம் உண்டா என்று உள்ளுக்குள் உதறல். அதனால் ‘காலேஜ்’ என்று தைரியமாகச் சொல்லாமல் ‘கல்லூரித்தரப் பள்ளி’ என்று அடக்கமாகப் பெயர் வைத்தார்கள். அனுபவம் பேசுகிறது!

பள்ளிக்குக் கட்டடம் கட்டப் பணம் வேண்டும். ஹார்வர்டு தனக்குத் தலைவர் பதவி தரவில்லை என்று கடுப்பிலிருந்த காட்டன் மாதர் என்ற பாதிரியார் பேனாவை எடுத்தார். காலேஜுக்கு உங்கள் பெயர் வைத்தால் எகிப்து பிரமிடைவிட மேலான நினைவுச் சின்னமாயிற்றே என்று யேலுக்குத் தூண்டில் போட்டார். மீன் கவ்வியது. 1718-ல் ஒன்பது பேல் சரக்கு, 417 புத்தகம், ஒரு ராஜா படம் வந்து சேர்ந்தன. பேல்களுக்குள் துணிகள். விற்றதில் 562 பவுண்டு. மெட்ராஸில் பள்ளிக்கூடம் கட்ட முடியாத கவர்னரின் துணி மூட்டை, கனெக்டிகட்டில் காலேஜ் கட்டியது. பெயரும் யேல் என்றே ஆனது.

இதில் எனக்குப் பரிதாபம் ஜெரமையா டம்மர் மேல்தான். நியூட்டன் உட்படப் பல பேரிடம் கேட்டு வாங்கி, நாலு வருஷம் முன்பே அதே பள்ளிக்கு எண்ணூறு புத்தகம் அனுப்பியவர். யேலைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்ததிலும் இவர் பங்கு உண்டு. யேலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு புத்தகம்! ஆனால் காலேஜ் வாசலில் டம்மர் என்று போர்டு மாட்ட யாருக்கும் மனசு வரவில்லை.