ஆஃப்சைடு வக்கீல்

நம் ஆஃப்சைடு வக்கீலுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மாடிப்படி ஏறினால் முழங்கால் சத்தம் போடும். கடைசியாகப் பந்தை உதைத்தது யார் முதலமைச்சராக இருந்தபோது என்று அவருக்கே நினைவில்லை. பெரம்பூரில் குடியிருக்கிறார். பக்கத்து வியாசர்பாடியில் பையன்கள் விடிகாலையில் எழுந்து நிஜமாகவே பந்து விளையாடுகிறார்கள். உலகக் கோப்பை மாதத்தில் அவர்கள் மைதானத்துக்குப் போகிற நேரமும் இவர் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று.

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு மாதம், இவர் அர்ஜென்டினாக்காரர். அந்த நாட்டில் இவருக்குத் தெரிந்த ஊர் இரண்டு: தலைநகரம், அப்புறம் மெஸ்ஸி பிறந்த ரொசாரியோ. தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. பிரேசிலுக்கு ஒருவர், ஜெர்மனிக்கு ஒருவர் என்று கட்சி மாறுமே தவிர ஆள் ஒரே ஆள்தான். கண்டுபிடிப்பதும் சுலபம். சாதாரண ரசிகன் கோல் விழுந்தால் குதிப்பான். வக்கீல் குதிக்க மாட்டார். லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி எழுந்து நின்று, "இருங்க, இருங்க, செக் பண்றான்" என்பார். மகிழ்ச்சியை ஒத்திவைக்கத் தெரிந்த ஒரே ரசிகர் இனம் இது.

2018-இல் ரஷ்யாவில்தான் உலகக் கோப்பைக்கு வி.ஏ.ஆர். என்கிற வீடியோ உதவி நடுவர் முறை வந்தது. கசானில் பிரான்சும் ஆஸ்திரேலியாவும் ஆடியபோது நடுவர் ஓடிப்போய்த் திரையைப் பார்த்துவிட்டு பெனால்டி கொடுத்தார். வீடியோ பார்த்து உலகக் கோப்பையில் கொடுத்த முதல் பெனால்டி அது. நம்மவர் கேட்ட முதல் கேள்வி: "ஆஸ்திரேலியாவுக்கு ரிவ்யூ எத்தனை பாக்கி இருக்கு?" கிரிக்கெட்டில் வளர்ந்த மூளை வேறு என்ன கேட்கும்? ரிவ்யூ கேட்கிற உரிமை அணிகளுக்கே கிடையாது, கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நாலு விவகாரத்தில் மட்டும்தான் வீடியோ அறை வாயைத் திறக்கும் என்று அவர் மகன் விளக்கினான். "தெளிவான, அப்பட்டமான தவறாக இருந்தால் மட்டும்" என்கிற நிபந்தனையையும் சொன்னான். "அப்ப இதுலயும் அம்பயர்ஸ் கால் இருக்குன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அது அவ்வளவு தப்பான விளக்கமும் இல்லை.

அன்று தொற்றிக்கொண்டதுதான் ரிவ்யூவுக்கான அந்தச் சதுரம். இரண்டு ஆள்காட்டி விரலாலும் காற்றில் டிவிப் பெட்டி வரைவார். மைதானத்தில் ஆட்டக்காரர் யாராவது இதை அளவுக்கு மீறிச் செய்தால் மஞ்சள் அட்டை காட்டலாம் என்று விதியே இருக்கிறது. வீட்டில் அப்படி விதி இல்லாததால் கடைசி அடையை யார் தின்றது என்ற விசாரணை முதல் கேஸ் சிலிண்டர் எந்தத் தேதியில் மாற்றியது என்பது வரை எல்லாவற்றுக்கும் சதுரம் வரைகிறார். அவர் மனைவி கள நடுவர். முதலில் சொன்னதுதான் தீர்ப்பு, திரைப்பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்.

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. கத்தாரில் அர்ஜென்டினாவுக்கும் சவூதி அரேபியாவுக்கும் ஆட்டம். நம் நேரப்படி பிற்பகல் மூன்றரை. பல்வலி என்று ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். பத்தாவது நிமிடம் மெஸ்ஸி பெனால்டியில் கோல். பிறகு முதல் பாதி முடிவதற்குள் அர்ஜென்டினா மூன்று முறை வலையில் பந்தைப் போட்டது, மூன்றும் ஆஃப்சைடு. அதில் லவுதாரோ மார்ட்டினெஸ் போட்ட ஒன்றைக் கொடியசைப்பவர்கூடப் பிடிக்கவில்லை, இயந்திரம் பிடித்தது. திரையில் பொம்மை உருவங்கள் வந்து நின்றன, ஒரு தோளோரம் கோட்டைத் தாண்டியிருந்தது.

"தையல்காரன் கையை இன்னும் கொஞ்சம் ஒட்டத் தெச்சிருந்தா அது கோலு!" என்றார் வக்கீல்.

கூடத்தில் இருந்தவர் அவர் மச்சினன். ரொனால்டோ கட்சி. குடும்பத்துக்குள்ளேயே எதிர்த்தரப்பு இருப்பது இந்த இனத்துக்கு அவசியம், வாதாட ஆள் வேண்டாமா? "மாமா, கூரைக்குக் கீழ பன்னிரண்டு கேமரா மாட்டியிருக்கான். ஒவ்வொருத்தன் உடம்புலயும் இருபத்தொன்பது புள்ளிய அளக்குது. பந்துக்குள்ள இருக்கிற சென்சார் ஒரு செகண்டுக்கு ஐந்நூறு தடவை சொல்லுது. அது எப்படித் தப்பா இருக்கும்?"

"இருபத்தொன்பது புள்ளி வெச்சுக் கோலம் போடலாம் மாப்ளே. கோலை அழிக்கலாமா?"

மெஸ்ஸி கோலாக்கிய அந்த பெனால்டியும் வீடியோவைப் பார்த்துக் கொடுத்ததுதான் என்பதை மச்சினன் நினைவூட்டினார். வக்கீலுக்கு அந்தச் சமயம் காது கேட்கவில்லை. இரண்டாம் பாதியில் சவூதி ஐந்தே நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. மறுநாள் அவர் முகத்தைப் பார்த்த ஆபீஸ்காரர்கள் பல்வலி உண்மைதான் என்று நம்பினார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. போர்ச்சுகலும் உருகுவேயும் ஆடிய ராத்திரி. புரூனோ ஃபெர்னாண்டஸ் தூக்கியடித்த பந்துக்கு ரொனால்டோ எம்பினார், பந்து உள்ளே போனது, ரொனால்டோ தன் கோல் என்று கொண்டாடினார். கோல் புரூனோ பெயரில் எழுதப்பட்டது. தலைமுடியில் பட்டது என்று மச்சினன் சத்தியம் செய்தார். பந்தைச் செய்த கம்பெனியோ, உள்ளே இருக்கிற சென்சாரில் ரொனால்டோ தொட்டதற்கான தடயமே இல்லை என்று அறிக்கை விட்டது. அன்றைக்கு வக்கீலின் குரலில் இருந்த அறிவியல் பற்றைக் கேட்டிருக்க வேண்டும். "மாப்ளே, மனுஷன் பொய் சொல்லுவான். சென்சார் சொல்லாது. ஒரு செகண்டுக்கு ஐந்நூறு தடவைப்பா!"

இவருடைய கோபத்துக்கும் அளவு, நியாயம் எல்லாம் உண்டு, ஆனால் அது அன்றைய கட்சிக்காரரைப் பொறுத்தது. கேரளத்தில் புள்ளாவூர்க்காரர்கள் ஆற்றில் கட்-அவுட் வைத்தபோது மெஸ்ஸியைவிட ரொனால்டோவை உயரமாக வைத்தார்கள். அதற்கும் சதுரம் வரைந்தவர் இவர்.

ஆனாலும் அந்தத் தொடரில் அவருடைய உச்சம் ஜப்பான்–ஸ்பெயின் ஆட்டம்தான். நள்ளிரவு தாண்டி நடந்தது. கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்ட பந்தை மிதோமா இழுத்து உள்ளே தள்ள, தனாகா கோலாக்கினார். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டவில்லை என்று வீடியோ அறை சொன்னது. கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மிச்சம் 1.88 மில்லிமீட்டர் என்று பத்திரிகைகள் எழுதின. ஜப்பான் 2-1. அந்த ஒரு முடிவால் இன்னொரு மைதானத்தில் கோஸ்டாரிகாவை 4-2 என்று ஜெயித்துக்கொண்டிருந்த ஜெர்மனி ஊருக்கு மூட்டை கட்டியது. 2014 இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவைத் தோற்கடித்த ஜெர்மனி! அன்று கோல்கீப்பர் நொயர் ஹிகுவாயின் மேல் வந்து மோதியதற்கு பெனால்டி கிடைக்கவில்லை, ஹிகுவாயின் மேலேயே ஃபவுல் கொடுத்தார்கள் என்ற வழக்கு இவர் மனதில் எட்டு வருஷமாக நிலுவையில் கிடந்தது.

"பந்து வெளியே போயிடுச்சுப்பா, கண்ணுக்கே தெரியுதே" என்றான் மகன்.

"பக்கவாட்டுல பார்த்தா அப்படித்தான் தெரியும். வா, காட்டறேன்." ஃபிரிட்ஜைத் திறந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்தார். டைல்ஸ் இணைகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார், விலா மட்டும் கோட்டின் மேல் கவிழ்ந்த மாதிரி. "தரையில பழம் தொடுற இடத்தைப் பார்க்காதே. மேலேருந்து பாரு. விலா கோட்டுக்கு மேல இருக்கா? அப்ப பந்து ஆட்டத்துல இருக்கு. இதான் சட்டம்." பிறகு பக்கவாட்டுக் கேமரா எப்படி ஏமாற்றும் என்று காட்டக் கூடத்தில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். மகளின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேலும் வந்துவிட்டது. இந்தக் கட்டத்தில்தான் அவர் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். இரவு ஒன்றே முக்கால் மணி, இருட்டில் டிவி வெளிச்சம், தரையில் எலுமிச்சம்பழம், பக்கத்தில் குப்புறக் கிடக்கும் கணவர்.

"ஏங்க, யாருக்குப் பேய் ஓட்டுறீங்க?"

"ஜெர்மனிக்கு" என்றார், தலையைத் தூக்காமல்.

நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது கிடையாது. டிவியில் கோட் போட்டுக்கொண்டு பேசியவர்கள் யாரும் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவரவில்லை. வக்கீலுக்குச் சட்டம் தெரியாது என்று நினைத்தால் தப்பு. கையும் முழங்கையும் ஆஃப்சைடில் சேராது, அக்குளுக்கு நேர்கோட்டில் தோள் முடிகிறது என்பது வரை மனப்பாடம். அந்தச் சட்டத்தை எந்தப் பக்கத்துக்கு அழைப்பது என்பதை மட்டும் கோல் விழுந்த பிறகு முடிவு செய்வார்.

அவரை மடக்க மச்சினனிடம் ஓர் அஸ்திரம் உண்டு. 1986. மெக்சிகோவின் அஸ்தேக்கா மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிப் போட்ட கோல்.

"அன்னைக்கு வி.ஏ.ஆர். இருந்திருந்தா மாமா?"

"சாமி விஷயத்துல மிஷினை இழுக்காதே."

அந்தக் கை கடவுளின் கை என்று மரடோனாவே சொல்லிவிட்டார், வக்கீல் அதை வாக்குமூலமாக அல்ல, தலபுராணமாகவே எடுத்துக்கொண்டார்.

2022-இல் பிரான்சுடன் நடந்த இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு மெஸ்ஸி போட்ட மூன்றாவது கோல் செல்லாது, அந்த அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் பந்து கோட்டைத் தாண்டும் முன்பே மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டார்கள் என்று பிரான்ஸ் பத்திரிகைகள் கிளப்பின. அதற்கு போலந்து நடுவர் மார்சினியாக் செய்த காரியம் அலாதி. பத்திரிகையாளர் கூட்டத்தில் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். எம்பாப்பே கோல் போடும்போது ஆட்டத்தில் இல்லாத பிரான்ஸ்காரர்கள் ஏழு பேர் உள்ளே நிற்கிறார்கள்! அன்றிலிருந்து பல நாள் வக்கீலின் வாட்ஸ்அப் முகப்பில் மெஸ்ஸி இல்லை, மார்சினியாக் இருந்தார். தெருவில் விசாரித்தவர்கள், சம்பந்தி வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

2024 ஜூன் 12 காலை. மச்சினன் ஒரு வீடியோ அனுப்பிவிட்டு உடனே போனும் செய்தார். தோஹாவில் கத்தாருடன் ஆட்டம். இந்தியா 1-0 என்று முன்னால் நிற்கிறது, சாங்தே போட்ட கோல். ஜெயித்தால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதல் தடவையாக மூன்றாம் சுற்று. கத்தார்க்காரர் தலையால் அடித்த பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுக்கிறார், பந்து உருண்டு கோட்டுக்கு வெளியே போகிறது. 1.88 மில்லிமீட்டர் எல்லாம் இல்லை, தாராளமாகவே வெளியே. ஆட்டம் நின்றது என்று நம் பையன்கள் நிற்கிறார்கள். கத்தார்க்காரர் ஒருவர் அதைக் காலால் இழுத்து உள்ளே விட, அய்மன் வலைக்குள் தள்ளுகிறார். கோல். கடைசியில் 2-1, இந்தியா வெளியே.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் சதுரம் வரைந்தார்.

"ரிவ்யூ எங்கடா மாப்ளே?"

"இந்த ரவுண்டுக்கு வி.ஏ.ஆரே கிடையாது மாமா."

"அக்கிரமம்! எலுமிச்சம்பழமே வேண்டாமே, குருடனுக்குக்கூடத் தெரியுமே! எப்ப நடந்துச்சு இது?"

"நேத்து ராத்திரி. ஒன்பதே காலுக்கு. நீங்க பார்க்கலையா?"

"எங்கடா பார்க்கறது? வெள்ளிக்கிழமை ஜெர்மனில யூரோ ஆரம்பிக்குதே, ஒரு மாசம் கண் முழிக்கணும். அதுக்காகத் தூக்கத்தைச் சேர்த்து வெச்சுக்கிட்டிருக்கேன், எட்டரைக்கே படுத்துட்டேன்."